ஒரே பெயர் உடையவர்கள்: அயோத்திதாசர், சீனிவாசன், நந்தன்



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு பெயரை முன்வைத்துத்தான் கூடுகிறோம். ஆகவே பெயரைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தேன். குறிப்பாக, ஒரே பெயரை உடைய இரண்டு பேர், மூன்று பேர் வரலாற்றில் இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றி. கேட்பதற்கு இது நூலகப் பெயரடைவு தயாரிப்பவர்களின் தொல்லை போலத் தோன்றும். ஆனால் நம் வரலாற்றைத் தேடிப் போகிற மாணவர் எவரும் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்கிற சுவர் இதுதான். ‘சீனிவாசன்’ என்று தேடினால் இருநூறு சீனிவாசன்கள் வருவார்கள். நாம் தேடுகிறவர் அதில் கடைசியில் இருப்பார்.

தமிழ் இலக்கிய வரலாறு இந்தச் சிக்கலை நன்றாக அறியும். அவ்வையார் ஒருவரா, பலரா என்ற கேள்விக்குப் புலவர்கள் எவ்வளவு மை செலவழித்திருக்கிறார்கள்! அதியமானுக்காகத் தூது போன சங்ககால அவ்வை வேறு, ஆத்திசூடி பாடிய பிற்கால அவ்வை வேறு என்று பிரித்தெடுத்தார்கள். கபிலரும் அப்படித்தான். பாரியின் தோழரான கபிலர் ஒருவர். பிறப்பால் உயர்வுதாழ்வு பேசுவதைக் கேள்வி கேட்கும் ‘கபிலர் அகவல்’ பல நூற்றாண்டுகள் கழித்து வந்த நூல். பெயர் ஒன்றாக இருந்ததால் இரண்டு கபிலரும் ஒருவரானார்கள். பிறகு வெவ்வேறு நூற்றாண்டுகளைச் சேர்ந்த அவ்வை, கபிலர், வள்ளுவர் எல்லோரையும் ஆதி என்ற புலைச்சிக்கும் பகவன் என்ற பார்ப்பனருக்கும் பிறந்த உடன்பிறப்புகளாக்கி ஒரு கதை கட்டப்பட்டது. குறள் எழுதும் அறிவு ஒருவருக்கு எங்கிருந்து வந்தது என்று விளக்குவதற்குத் தந்தை வழியில் ஒரு பார்ப்பனர் தேவைப்பட்டார். இந்தக் கதையை மிகக் கடுமையாக மறுத்தவர்களில் ஒருவர் அயோத்திதாசப் பண்டிதர். ‘ஆதிபகவன்’ என்பது புத்தரைக் குறிக்கும் என்றார். ஆக, பெயர்க் குழப்பத்தின் மேல் சாதிக்கதை ஏறி உட்காரும் என்பதை நூறாண்டுக்கு முன்பே நம் முன்னோடி பார்த்துவிட்டார்.

நம் மக்களிடையே ஒரே பெயர் ஏன் இவ்வளவு திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கும் ஒரு சமூகக் காரணம் உண்டு. பிராமணரின் பெயர் மங்கலத்தையும், சத்திரியரின் பெயர் வலிமையையும், வைசியரின் பெயர் செல்வத்தையும், சூத்திரரின் பெயர் இழிவையும் காட்ட வேண்டும் என்று மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயம் 31-ஆம் சுலோகம் விதிக்கிறது. வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி அந்த இடத்தில் பேச்சே இல்லை. ஊர்ப்புறத்தில் இந்த விதியை யாரும் சுலோகமாகப் படிக்கவில்லை, பழக்கமாக வைத்திருந்தார்கள். பண்ணையார் வீட்டுப் பிள்ளையின் பெயரைப் பண்ணையாளின் பிள்ளைக்கு வைக்க முடியாது. அப்படியே வைத்தாலும் அதை முழுதாக யாரும் கூப்பிடப் போவதில்லை. கருப்பன், சடையன், மண்ணாங்கட்டி, அமாவாசை, சின்னான், பெரியான் என்ற சிறிய வட்டத்துக்குள் ஒரு சேரியே அடங்கியது. குப்பன், பிச்சை போன்ற பெயர்கள் எல்லாச் சாதியிலும் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. முன்பிறந்த குழந்தைகள் தங்காவிட்டால் அடுத்த குழந்தைக்கு அப்படிப் பெயர் வைப்பது பொது வழக்கம். ஆனால் ஊரில் அந்தக் குப்பன் வளர்ந்ததும் குப்புசாமி முதலியார் ஆனான். சேரியில் குப்பன் எழுபது வயதிலும் குப்பன்தான், அதுவும் ‘டேய்’ போட்ட குப்பன். சாதிப்பட்டம் இருந்தவர்களுக்குப் பத்திரத்திலும் பதிவேட்டிலும் அந்தப் பட்டமே ஆளைப் பிரித்துக் காட்டியது. நம்மவருக்கு இருந்தது ஒற்றைப் பெயர், அதற்கு முன் தகப்பனின் ஒற்றைப் பெயர். 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரின் பட்டியலை வாசித்துப் பாருங்கள். ஒரே பெயர் இருமுறை வருகிற இடங்கள் அதில் உண்டு. வயதைப் பார்த்துத்தான் இது வேறு உயிர் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தப் பின்னணியோடு மூன்று பெயர்களைப் பார்ப்போம்.

முதலாவது அயோத்திதாசர். 1845 மே 20-இல் பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் காத்தவராயன். அந்தப் பெயரை அவர் தமிழ் நாட்டார் மரபின் மிகப் பெரிய கதாநாயகனோடு பகிர்ந்துகொண்டார். ஆரியமாலா என்ற பார்ப்பனப் பெண்ணை விரும்பியதற்காகக் கழுவேற்றப்பட்டவன் காத்தவராயன். அவன் கதை கதைப்பாடலாகவும் கூத்தாகவும் தமிழகத்தில் பரவியது. ஈழத்தில் இன்றும் காத்தவராயன் கூத்து ஆடுகிறார்கள். 1958-இல் சிவாஜி கணேசன் நடித்துப் படமாகவும் வந்தது. காவலன் வீட்டுப் பிள்ளையான அவனுக்குக் கதையின் முன்பகுதியில் தெய்வப் பிறப்பும் சாபமும் ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன. அவன் உண்மையில் இழிகுலத்தான் அல்லன், அதனால் ஆரியமாலா கற்புக்கும் குலத்துக்கும் பங்கமில்லை என்று ஊரைச் சமாதானப்படுத்தும் வேலை அது. வள்ளுவருக்குப் பகவன் எதற்கு வந்தாரோ அதற்கேதான் காத்தவராயனுக்குச் சாபமும் வந்தது.

கந்தசாமியின் மகன் காத்தவராயன் தன் ஆசிரியரிடம் தமிழும் சித்த மருத்துவமும் கற்றார். அந்த ஆசிரியரின் பெயர் வல்லக்காளத்தி வீ. அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர். மாணவர் ஆசிரியரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். அன்றிலிருந்து அயோத்திதாசர் இருவர். அவர்களைப் பிரித்துக் காட்டுவது ஒரு முன்னெழுத்து மட்டும்தான்: ஒருவர் வீ., மற்றவர் க.

இதை நாம் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. பெயர் என்பது தகப்பன் வழியிலும் தாத்தா வழியிலும் குலதெய்வம் வழியிலும் வருவது. அதாவது பிறப்பு வழியில். அந்த வழியை ஒருவர் தாமாகவே மாற்றி, எனக்குப் பெயர் கொடுத்தது என் கல்வி என்கிறார். மடங்களில் இதற்கு ஒத்த வழக்கம் உண்டு, பட்டத்துக்கு வருகிறவர் முன்னவரின் பெயரை ஏற்பார். ஆனால் அங்கே சொத்தும் அதிகாரமும் பெயரோடு சேர்ந்து வரும். இங்கே வந்தது ஏட்டுச்சுவடியும் மருந்துப் பெட்டியும்தான். பறையர் சமூகத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பண்டிதர்களும் வைத்தியர்களும் இருந்தார்கள், நாங்கள் கல்வியற்றவர்களாகப் பிறந்தவர்கள் அல்லர், ஆக்கப்பட்டவர்கள் என்பது பின்னாளில் பண்டிதர் எழுதியதன் சாரம். அவருடைய பாட்டனார் கந்தப்பன் பாதுகாத்து வைத்திருந்த திருக்குறள் சுவடி எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்த செய்தியை அவரே பதிவு செய்திருக்கிறார். அந்தச் சாரத்துக்கு முதல் சான்று அவருடைய பெயரே. தனக்கு முன்னால் ஒரு பண்டிதர் இருந்தார் என்பதைத் தன் கையொப்பத்திலேயே சுமந்தார்.

ஆனால் விளைவு என்ன ஆயிற்று? மாணவர் பெரிய ஆளுமையாக வளர்ந்ததும் ஆசிரியர் அந்தப் பெயருக்குள் மறைந்துவிட்டார். இன்று ‘அயோத்திதாசர்’ என்றால் 1891-இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டியவர், 1898-இல் கொழும்பு சென்று பௌத்தம் தழுவி ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டவர், 1907 ஜூன் 19-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி 1914 மே 5-இல் மறையும்வரை நடத்தியவர் மட்டும்தான். ஆசிரியரைப் பற்றி நமக்கு மிஞ்சியிருப்பது மாணவரின் வாழ்க்கைக் குறிப்பில் வரும் ஒரே வரி. மாணவரும்கூட ஏறத்தாழ அதே கதிக்கு ஆளானவர்தான். ஞான அலாய்சியஸ் தொகுத்து 1999-இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகளை வெளியிடும்வரை, தமிழ்நாட்டு அரசியல் வரலாறு எழுதிய பலருக்கு இவரும் ஒரு வரிதான். எண்பத்தைந்து ஆண்டுகள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அயோத்திக்குத் தாசன் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் எப்படிப் பௌத்தர் ஆக முடியும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இன்றைய அரசியலில் அந்த ஊரின் பெயருக்கு ஏறியிருக்கும் பாரத்தை 1860-களில் நடந்த பெயர்மாற்றத்தின் மேல் ஏற்றக் கூடாது. அவர் தேர்ந்தது ஊரை அல்ல, வாத்தியாரை. பௌத்தரான பிறகும் அந்தப் பெயரை அவர் விடவில்லை என்பதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

ஆசிரியரின் பெயரை ஏற்பது என்றதும் உங்களுக்கு அண்ணலின் நினைவு வந்திருக்கும். ராம்ஜி மாலோஜி சக்பாலின் மகனுக்கு அம்பேத்கர் என்ற பெயர், பள்ளியில் அன்பு காட்டிய அதே பெயருடைய ஒரு பார்ப்பன ஆசிரியரிடமிருந்து வந்ததாகத் தனஞ்செய் கீர் உள்ளிட்ட வரலாற்றாளர்கள் எழுதினார்கள். சொந்த ஊர் அம்படவே, அதிலிருந்து வந்த அம்படவேகர் என்ற குடும்பப் பெயரின் மறுவடிவமே அது என்று வாதிடுவோரும் உண்டு. இந்த விவாதம் ஏன் இவ்வளவு சூடாக நடக்கிறது? முதல் கதையை வைத்துக்கொண்டு ‘பெயரே நாங்கள் கொடுத்ததுதான்’ என்று கணக்கு நேர் செய்ய வருகிறவர்கள் இருப்பதால். அன்பான ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவரை நன்றியோடு நினைக்கலாம், அண்ணலும் நினைத்தார். அந்தப் பெயரை உலகம் அறிந்தது யாரால் என்பதில் மட்டும் சந்தேகம் வேண்டாம். இரண்டு அம்பேத்கர்களில் ஒருவரின் பெயர் இன்னொருவரின் வாழ்க்கை வரலாற்றில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. அயோத்திதாசர் இருவரின் கதையும் இதுதான். அங்கே ஆசிரியரும் நம்மவராக இருந்ததால் யாரும் கடன் கேட்டு வரவில்லை. அவரைத் தேடியும் யாரும் போகவில்லை.

இனி சீனிவாசன். இங்கே ஒற்றுமை வியப்பைத் தரும்.

செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். வலங்கைமானில் 1869-இல் ஒரு புரோகிதக் குடும்பத்தில் பிறந்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. இருவரும் தமிழர். இருவரின் வாழ்க்கையிலும் தென்னாப்பிரிக்கா உண்டு. இருவரும் லண்டனில் 1930 நவம்பரில் தொடங்கிய வட்டமேசை மாநாட்டில் பிரதிநிதிகள். முதலாமவர் 1945 செப்டம்பரில் மறைந்தார், மற்றவர் 1946 ஏப்ரலில். ஏழு மாத இடைவெளி.

சாஸ்திரி வறுமையில் பிறந்து உழைத்து வந்தவர்தான், அதை மறுக்க வேண்டியதில்லை. கோகலேவுக்குப் பின் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவரானார். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் ஏஜெண்டாக இருந்தார். டர்பனில் இந்திய மாணவர்களுக்கான கல்லூரி அவர் பெயரால் நின்றது. நம் சீனிவாசன் அதே மண்ணுக்கு இருபதாண்டுகளுக்கும் மேல் முந்தியே போனவர். இங்கிலாந்து சென்று நம் குறைகளைச் சொல்ல வேண்டும் என்று புறப்பட்டவர், வழியில் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும் வந்து நிற்கிற நீதிமன்றங்கள் அவை. அவர்களில் நம் மக்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காந்திக்குத் தமிழில் கையெழுத்திடச் சொல்லிக்கொடுத்தவர் இவர் என்ற செய்தி நம் கூட்டங்களில் தவறாமல் வரும். அதைவிட, கூலிக்காரர் சொன்னதை வெள்ளை நீதிபதிக்குப் புரிய வைத்த அந்த ஆண்டுகள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. ஆனால் தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாற்றில் ‘சீனிவாச’ என்று தொடங்கும் பெயரைத் தேடினால் கைக்குக் கிடைப்பவர் ஏஜெண்ட் துரை.

‘சீனிவாசன்’ என்ற பெயரே ஒரு சமூகவியல் பாடம். வைணவப் பெயர். ஐயங்காருக்கும் இருக்கும், நாயுடுவுக்கும் இருக்கும், சேரியிலும் இருக்கும். அந்தப் பெயரைக் கேட்டால் சாதி தெரியாது. கோயம்புத்தூரில் அவர் படித்தபோது பள்ளியில் சுமார் நானூறு பேரில் பத்துப்பேர் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள் என்று 1939-இல் வெளியான தம் ‘ஜீவிய சரித்திரச் சுருக்க’த்தில் எழுதுகிறார். சாதியும் வீடும் குடும்பமும் தெரிந்துவிட்டால் கேவலமாக நடத்துவார்களே என்ற அச்சத்தில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடாமல் ஒதுங்கியிருந்தாராம். பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். அந்தப் பையனுக்கு அவன் பெயர் ஒரு மறைப்பாகத்தான் இருந்திருக்கும். பெயரைச் சொன்னால் போதும், அதற்குமேல் யாரும் கேட்காதிருந்தால் தப்பித்தான். இந்த அரங்கில் இருக்கிற மாணவர்களில் பலருக்கு இந்த அனுபவத்தை நான் விளக்க வேண்டியதில்லை. விடுதி அறையில் ‘உங்க ஊர் எது, ஊர்ல எந்தப் பக்கம்’ என்ற கேள்வி வரும்வரை நம் எல்லாப் பெயர்களும் பொதுப் பெயர்கள்தாம்.

அதே ஆள் 1893 அக்டோபரில் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் ‘பறையன்’. நூற்றுக்கணக்கான சீனிவாசன்களுக்குள் கலந்து நிற்கத் தெரிந்தவர், அந்தக் கூட்டத்திலிருந்து தானே பிரிந்து வெளியே வந்து நின்றார். நம்முடைய பெயரை நாமே சொல்லி வெளியே வராமல் உரிமை கேட்க முடியாது என்பது அவருடைய எண்ணம். இந்த இடத்தில் அயோத்திதாசரோடு அவருக்கு வேறுபாடு இருந்தது. பண்டிதருக்கு அந்தச் சாதிப்பெயர் எதிரிகள் சூட்டியது, பூர்வ பௌத்தர் என்பதே உண்மைப் பெயர். சீனிவாசனுக்கோ அந்தப் பெயரே போர்க்கொடி. இருவரும் மைத்துனர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பண்டிதரின் மனைவி தனலட்சுமி, சீனிவாசனின் உடன்பிறந்தவர். அந்த அம்மையார் இந்தப் பெயர் விவாதத்தை இரண்டு பக்கமும் கேட்டிருப்பார். அவர் என்ன நினைத்தார் என்பதை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்தியாவிலும் ஐ.சி.எஸ். தேர்வு நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அப்படி நடந்தால் சாதி இந்துக்களே அதிகாரத்தைப் பிடிப்பார்கள் என்று அதை எதிர்த்து 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் போட்டார் சீனிவாசன். 112 அடி நீளமுள்ள மனுவில் 3,412 பேர் கையொப்பமிட்டு அது பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போனது. இந்த நீளத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அந்த 3,412 பெயர்களை நினைத்துப் பாருங்கள். அதில் எத்தனை முனுசாமி, எத்தனை சின்னத்தம்பி, எத்தனை கோவிந்தன், எத்தனை சீனிவாசன் இருந்திருப்பார்கள்! தனித்தனியே யாரென்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் தன் பெயரை ஒரு அரசாங்கத் தாளில் தானே விரும்பி எழுதிய முதல் தலைமுறை அது.

1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுத்தெருவிலும் கிணற்றிலும் எல்லா வகுப்பாருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றியவரும் இவரே. வட்டமேசை மாநாட்டில் அண்ணலும் இவரும் சேர்ந்தே ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் அரசியல் பாதுகாப்புக்கான அறிக்கையை அளித்தார்கள். அதே மாநாட்டில் சாஸ்திரி மிதவாதிகளின் குரலாக, அழகான ஆங்கிலத்தில் பேசினார். சாஸ்திரியின் ஆங்கிலத்தைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் படித்திருக்கிறோம். அடுத்த நாற்காலிக்காரரைப் பற்றிப் பல ஆண்டுகள் எதுவுமே படிக்கவில்லை. மாநாட்டில் இருந்த இரண்டு சீனிவாசன்களில் ‘சீனிவாசன்’ என்றால் யார் என்பதைத் தீர்மானித்தது தகுதி என்று யாராவது சொன்னால், 1924 தீர்மானத்தை எடுத்து அவர் முன் வையுங்கள். இன்று ஒரு குடிமகன் ஒரு தெருவில் நடந்து போவதற்கு இந்த இருவரில் யார் அதிகம் செய்தார் என்று கேளுங்கள்.

இடையில் ஒரு சிறு செய்தி. எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் இருந்த காலத்தில் முதலமைச்சர் பானகல் ராஜா. ஒருவருக்கு ராஜா என்பது சமஸ்தானத்தின் பட்டம், மற்றவருக்கு மயிலை சின்னத்தம்பி வீட்டில் வைத்த பெயர். பண்ணையாள் பிள்ளைக்குப் பண்ணையார் பெயரே கூடாது என்ற நாட்டில் பிள்ளைக்கு ‘ராஜா’ என்று பெயர் வைத்த அந்தத் தகப்பனாரை எனக்குப் பிடிக்கும். பஞ்சமர், பறையர் என்ற பெயர்களை விட்டு ‘ஆதிதிராவிடர்’ என்று அரசு குறிப்பிட வேண்டும் என்ற தீர்மானத்தை 1922 ஜனவரியில் கொண்டுவந்தவர் இந்த ராஜாதான்.

மூன்றாவது பெயர் நந்தன். இதில் வரலாறும் கதையும் பின்னிக்கிடக்கின்றன. அதனால் கவனமாகப் போக வேண்டும்.

எல்லோரும் அறிந்த நந்தன் பெரியபுராணத்து நந்தனார். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் ‘திருநாளைப்போவார்’ என்று பெயரை மட்டும் குறிக்கிறார். நம்பியாண்டார் நம்பி ஊரையும் குலத்தையும் சேர்க்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார்தான் முழுக்கதை சொல்கிறார். கொள்ளிடக்கரை ஆதனூர், புலைப்பாடி, கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுக்கும் தொழில், திருப்புன்கூரில் விலகிய நந்தி, பிறகு தில்லையில் தீ. தீயிலிருந்து வெளிவரும்போது அவர் மார்பில் பூணூல் இருக்கிறது. எழுநூறு ஆண்டுகள் கழித்து கோபாலகிருஷ்ண பாரதி அந்தக் கதைக்குள் ஒரு பார்ப்பனப் பண்ணையாரைக் கொண்டுவந்தார். சேக்கிழாரிடம் அப்படி ஒருவர் இல்லை. புராணத்தில் நந்தனுக்குத் தடை தன் மனத்திலிருக்கும் இழிவுணர்ச்சி, பாரதியிடத்திலோ தடை முதலாளி. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சை மண்ணின் பண்ணையடிமை உண்மை கீர்த்தனைக்குள் நுழைந்துவிட்டது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர நெடுநாள் தயங்கினார். பிறகு 1935-இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாரானார்கள். கைதட்டிய கூட்டம் படம் முடிந்து ஊருக்குத் திரும்பியது, சேரித்தெரு அங்கேயே இருந்தது. புதுமைப்பித்தன் 1934-இலேயே ‘புதிய நந்தன்’ என்று கதை எழுதி இதைக் கேலி செய்தார்.

இன்னொரு நந்தன் அரசன். அயோத்திதாசரின் ‘இந்திரர் தேச சரித்திர’த்தில் வருகிற நந்தன், வேஷப் பிராமணர்களின் பூர்வீகத்தைக் கேள்வி கேட்டு, அவர்களுடைய சூழ்ச்சியால் கொல்லப்பட்ட பௌத்த மன்னன். வாய்மொழி மரபிலும் தோல்காசு அடித்துச் சிறிது காலமே அரசாண்ட ஒரு நந்தன் உண்டு. ஊர் அவனைக் கேலிப்பொருளாகத்தான் சொல்லும். தோல் வேலைக்காரனுக்கு அரசாட்சி கொடுத்தால் காசும் தோலாகத்தானே இருக்கும் என்ற நையாண்டி அதில் தெரிகிறது.

மூன்றாவது நந்தன் மகத நாட்டில், மௌரியர்களுக்கு முன். அகநானூற்றில் மாமூலனார் நந்தரின் செல்வத்தைக் குறிப்பிடுகிறார். ஆகவே அந்தப் பெயர் சங்ககாலத் தமிழருக்குத் தெரியும். புராணங்கள் மகாபத்ம நந்தனைச் சூத்திரப் பெண்ணின் மகன் என்கின்றன. அலெக்சாண்டர் படையெடுப்பைப் பற்றி எழுதிய மேற்கத்திய ஆசிரியர்கள் அந்த வம்சத்து மன்னனை நாவிதனின் மகன் என்கிறார்கள். அவர்களை வீழ்த்தியவராகச் சாணக்கியர் போற்றப்படுகிறார்.

இந்த மூவரும் ஒருவர்தான் என்று எழுதும் நூல்கள் நம்மிடையே வந்திருக்கின்றன. நான் உடன்படவில்லை. மகதத்துக்கும் ஆதனூருக்கும் இடையில் தூரம் மட்டுமல்ல, ஆயிரம் ஆண்டுக்கு மேல் காலமும் இருக்கிறது. பெயர் ஒத்திருப்பது மட்டுமே ஆதாரம் என்றால், அதே ஆதாரத்தை வைத்துத்தானே அவ்வையையும் கபிலரையும் ஒரே வயிற்றில் பிறக்க வைத்தார்கள்? அந்த முறையை நாம் கடன் வாங்க வேண்டாம். ஆனால் எளிதாக ஒதுக்கிவிடவும் முடியாத ஒன்று இருக்கிறது. மூன்று கதையும் ஒரே எலும்புக்கூட்டில் நிற்கின்றன. தாழ்ந்த பிறப்பு என்று சொல்லப்பட்ட ஒருவன், தனக்கு இல்லை என்று விதிக்கப்பட்ட இடத்துக்குப் போகிறான். ஒருவன் அரியணைக்கு, ஒருவன் தன் நாட்டில் கேள்வி கேட்கும் இடத்துக்கு, ஒருவன் கருவறைக்கு. மூன்று இடத்திலும் பார்ப்பனர் எதிரில் நிற்கிறார்கள். மூன்று நந்தனும் கதை முடியும்போது இருப்பதில்லை. ஆள் வேறு வேறு என்றால், கதை சொல்கிற சமூகத்துக்கு இந்தக் கதை திரும்பத் திரும்பத் தேவைப்பட்டது என்று ஆகிறது. ‘நந்தன் அரசனா, பண்ணையாளா’ என்று சண்டை போடுவதைவிட இது ஆராயத் தக்க கேள்வி என்று எண்ணுகிறேன். பண்டிதரின் நந்தனைக் கல்வெட்டுச் சான்று கேட்டு மடக்குகிறவர்கள், தீக்குள் புகுந்து பூணூலோடு வந்த நந்தனுக்கு எந்தக் கல்வெட்டைக் காட்டினார்கள் என்பதையும் கேட்டு வைக்கலாம்.

பெயரை வேறுவிதமாகப் பயன்படுத்தியவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிப் பக்கம் பிறந்த முனுசாமி, துறவியாகிச் சிதம்பரத்துக்கு வந்து, 1916-இல் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். அரசன் நந்தனா, அடியார் நந்தனா என்ற விசாரணைக்கு அவர் போகவில்லை. அவர் சைவர், அடியாரையே எடுத்துக்கொண்டார். ஆனால் புராணத்து நந்தன் தீ வழியாக உள்ளே போனார், இவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசல் வழியாக உள்ளே அனுப்பினார். நந்தன் நுழைந்ததாகச் சொல்லப்படும் தெற்கு வாயிலைத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை அந்த ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1935 முதல் 1940 வரை இருந்தவர் நாம் மேலே பார்த்த சீனிவாச சாஸ்திரி. அதே காலத்தில் அதே ஊரில் சகஜானந்தர் நந்தனார் விடுதிப் பிள்ளைகளின் சோற்றுக்கும் துணிக்கும் அலைந்துகொண்டிருந்தார். இருவரும் சிதம்பரத்தில் கல்விப்பணி செய்தவர்கள் என்று ஒரே வரியில் எழுதலாம், எழுதியும் விடுவார்கள்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி நிறுத்துகிறேன். நந்தனார் பள்ளிகள் நூறாண்டு கடந்தவை. பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் மாணவன் பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் இருக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை அந்தப் பெயர்களை எடுத்து வரிசைப்படுத்திப் பாருங்கள். அமாவாசையும் மண்ணாங்கட்டியும் எந்த ஆண்டில் குறையத் தொடங்குகின்றன, ராஜாவும் சீனிவாசனும் எப்போது கூடுகின்றன, முதல் பீமராவ் எந்த ஆண்டில் வந்து சேர்கிறான், நந்தன் என்ற பெயருடைய பிள்ளை எத்தனை பேர் என்று பாருங்கள். தகப்பன் பெயரையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.